தமிழ் வார்த்தை வந்தால் போண்டா

செஞ்சி பஜாரில் பாலசுப்பிரமணியன் பாத்திரக்கடை என்றால் தெரியாதவர்கள் குறைவு. கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, அதில் ஏதோ சாமி பெயரும் இருக்கிறது, அதை யார் படித்தார்கள்! சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் அவர் கைக்காகத்தான் வருவார்கள். மற்ற கடைகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட ஒரு ஆளைப் போட்டிருப்பார்கள். இங்கே முதலாளியே கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு, கரண்டில் ஓடும் ஊசியால் டம்ளரிலும் தட்டிலும் பெயர் வெட்டுவார். பெயர் 'யி' என்று முடிந்துவிட்டால் மனுஷருக்கு ஏக குஷி. அதன் தலைச்சுழியை மேலே இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஜிலேபி மாதிரி முடித்துத்தான் ஊசியைக் கீழே வைப்பார்.

ஆனால் இது அவர் கதையல்ல. அந்தக் கடையின் மாடிப்படியைத் தினமும் சாயங்காலம் ஏறி இறங்கிய எழில் என்ற பெண்ணின் கதை. இப்போது அவள் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால் நடந்தது இது.

எழிலுக்குச் சிங்கவரம். ஊருக்குள் இல்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. அப்பா பச்சைமுத்து மின்வாரியத்தில் வயர்மேன். அம்மா காத்தாயி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் காட்டு வேலைக்குப் போவாள், மற்ற நாளில் இரண்டு மாடுகளோடு மல்லுக்கட்டுவாள். எழில் கணக்கில் பட்டம் வாங்கியவள். கணக்கு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ்தான் உயிரை வாங்கியது. ஸ்பெல்லிங் தெரியாதவர்களை பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைக்கிற வாத்தியாரிடம் படித்தவள் அவள். வருஷம் பூராவும் நின்றாள். வங்கித் தேர்வு எழுதினால் கணக்கு அவளை மேலே தூக்கும், இங்கிலீஷ் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும். இப்படியே இரண்டு தடவை கைக்கு எட்டின வேலை நழுவிப்போயிற்று.

தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. கையில் பாதியில் நின்றது ஒரு சேலரி சர்டிபிகேட். இந்தச் சேலரி, சேலரி என்று தினமும் அடிக்கிறோமே, இது எங்கிருந்து வந்த சனியன் என்று போனில் தட்டிப் பார்த்தாள். உப்பிலிருந்து வந்ததாம். லத்தீனில் உப்புக்கு என்ன பெயரோ அது இந்த வார்த்தையின் வயிற்றுக்குள் இன்னும் கரையாமல் இருக்கிறதாம். எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் தன்னை பெஞ்சுமேல் ஏற்றியது இந்த உப்பும் புளியும்தானா? அன்றைக்குப் பயம் விட்டது. அர்த்தத்தை மனப்பாடம் செய்தால் மறுநாள் ஓடிப்போகிற வார்த்தை, பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டால் சொந்தக்காரன் மாதிரி வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

பிருந்தா வங்கித் தேர்வு விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தது அந்தச் சமயத்தில்தான். பாலசுப்பிரமணியனின் மகள். அவளும் அதே தேர்வு, அவள் அண்ணன் ஜெகதீஷும் அதே தேர்வு. இரண்டு பேருக்கும் கணக்கு வராது. பேச்சு வளர்ந்து, "எங்க கடை மாடி சும்மாதான் இருக்குது, வந்துடேன்" என்றாள். உரக்கடையில் வேலை பார்த்த ராஜாராமும் வந்து சேர்ந்தான். அண்டாக்களுக்கும் குத்துவிளக்குப் பெட்டிகளுக்கும் நடுவில் நான்கு பேர் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். எழில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இங்கிலீஷை நான்கு பேருமாகச் சேர்ந்து உழுதார்கள்.

வார்த்தைக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். கைடு புத்தகத்தில் இருக்கிற வார்த்தைகளைச் சீட்டு எழுதி ஒரு குண்டானில் போட்டுக் குலுக்குவது. ஆளுக்கு ஒரு சீட்டு. மறுநாள் வந்து மூன்று சொல்ல வேண்டும்: அர்த்தம் இன்னா, பிறந்த ஊர் எது, சொந்தமாக ஒரு வாக்கியம். வாக்கியம் சொல்பவரின் வாழ்க்கையில் நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். 'ராமு ஒரு நல்ல பையன்' கதையெல்லாம் செல்லாது. பொய் என்று யாராவது கையைத் தூக்கிவிட்டால் அந்த வார்த்தை சொன்னவர் பெயரில் பாக்கி நிற்கும். இதெல்லாம் எழில் போட்ட சட்டம். ஜெகதீஷ் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தான்: பிறந்த ஊர் தமிழ்நாடு என்று வந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும், அவன் எதிர்க்கடையில் போண்டா வாங்கித் தருவான்.

கட்டுமரம் கடல் தாண்டிப் போய் இங்கிலீஷில் கட்டமரான் ஆன கதைக்கு ஒரு போண்டா. சுருட்டு செரூட் ஆனதற்கு ஒரு போண்டா. மிளகுத்தண்ணி வெள்ளைக்காரன் மேஜைக்கு சூப்பாகப் போன அன்றைக்கு ராஜாராம் இரண்டு தின்றான். கேஷ் என்ற வார்த்தைக்குப் பெரிய சண்டையே நடந்தது. அது நம்ம காசுதான், போண்டா உண்டு என்று ஜெகதீஷ் ஒற்றைக் காலில் நின்றான். "பழைய சில்லறை நாணயத்துக்கு வெச்ச பேரு நம்ம காசுண்ணா, அது நெஜம். ரொக்கம்னு சொல்ற கேஷ் வேற. அது பணம் போடற பெட்டி. உங்க கல்லாப்பெட்டிதான்" என்றாள் எழில். பாதிப் பாதி என்று முடிவாகி, அன்றைக்கு ஆளுக்குப் பாதி போண்டா.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்காது. கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. முதல் நாளே பிருந்தாவின் அம்மா ஜெயம், "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டாள். நம்ம பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஊர் மட்டும் பதில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "சிங்கவரம்" என்று மட்டும் சொன்னாள் எழில். அப்போது புரட்டாசி மாதம். எழில் நெற்றியில் சின்னதாக நாமம். சிங்கவரம் பெருமாளுக்கு அவள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, காலனியில் பல வீடுகளில் அப்படித்தான். ஜெயம் நாமத்தைப் பார்த்தாள், கவிச்சி இல்லை என்பதைக் காதில் வாங்கினாள், ஊர்த்தெருப் பெண்தான் என்று தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தோசை ஊற்றினாள். "எழிலு, சாப்டியா? இன்னும் ரெண்டு போட்டுக்கோ" என்பாள். எழில் பொய் சொல்லவில்லை. கணக்குத் தப்பு என்று திருத்தவும் இல்லை.

தேர்வு நெருங்கின கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் குண்டானைக் குலுக்கினார்கள். ராஜாராமுக்கு பிஸ்கட். எழில் பிரித்த சீட்டில் 'பரையா' என்று இருந்தது. கைடு புத்தகத்தில் அதற்கு நேராக, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன் என்று ஒரே வரி. அந்த வார்த்தையின் பிறந்த ஊரை எழில் எப்போதோ தெரிந்து வைத்திருந்தாள். சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னாடி வந்துச்சு?" என்றாள் பிருந்தா.

"நாளைக்குச் சொல்றேன்."

வீட்டில் சொன்னாள். பச்சைமுத்து பனியனோடு மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வேற சீட்டு எடுத்துக்கோ" என்றார்.

"வேற யாருக்காச்சும் வரும் நைனா. அவங்க எடுத்துச் சொல்லும்போது, தமிழ் வார்த்தைன்னு கை தட்டுவாங்க. நானும் கூட உக்காந்து தட்டணும்."

அவர் ஸ்க்ரூ ஒன்றைத் தேடினார். "பரீட்சை வருதும்மா. இங்க டிவி சத்தம், மாடு சத்தம். ஜெராக்ஸ் கடையில மிஷின் சத்தம். அந்த மாடியும் போச்சுன்னா எங்க போயி படிப்பே?"

காத்தாயி அடுப்புப் பக்கமிருந்து, "அந்தப் பொண்ணு உன்மேல உசுரா இருக்குதுன்னியே" என்றாள். அதுதான் எழிலுக்கு வலித்தது. மாடி போனால் கோயில் மண்டபம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. பிருந்தா போனால் இன்னொரு பிருந்தாவுக்கு எங்கே போவது? செஞ்சியில் அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்.

மறுநாள் ராஜாராம் பிஸ்கட் என்றால் இரண்டு தரம் சுட்டது என்று சொல்லி, தன் தங்கை சுட்ட சப்பாத்தியைப் பற்றி ஒரு நிஜ வாக்கியமும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான். அடுத்து எழில். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அர்த்தம், ஒதுக்கி வெச்ச ஆளு. யாரும் சேத்துக்காத ஆளு. பிறந்த ஊர் தமிழ்நாடு." ஜெகதீஷ் கைதட்ட ஆரம்பித்துவிட்டான். எழில் நிறுத்தவில்லை. "பறைன்னா மேளம். அதை அடிக்கிறவங்க பறையர். வெள்ளைக்காரங்க அந்தப் பேரை எடுத்துட்டுப் போயி, ஒதுக்கி வெச்ச எல்லாருக்கும் பேரா வெச்சுட்டாங்க. இன்னிக்கு ஒரு நாட்டை மத்த நாடெல்லாம் ஒதுக்கினாக்கூட அந்த நாட்டுக்கு இந்தப் பேருதான்."

கைதட்டல் பாதியில் நின்றது. வாக்கியம் பாக்கி. எழில் அதை இங்கிலீஷில், தப்பில்லாமல், மெதுவாகச் சொன்னாள். தமிழில் அது இப்படி வரும்: 'இந்த வார்த்தை எங்கள் தெருவிலிருந்து கிளம்பிப் போனது. போகும்போது அதற்கு இந்த அர்த்தம் கிடையாது.'

பொய் என்று யாரும் கையைத் தூக்கவில்லை. ராஜாராம் பாயின் கோரையை உரித்தான். பிருந்தா எழிலையே பார்த்தாள்.

"தமிழ் வார்த்தைதாண்ணா" என்றாள் எழில். "இதுக்குப் போண்டா இல்லியா?"

ஜெகதீஷ் எழுந்து கீழே போய் வாங்கி வந்தான். நான்கு பேரும் தின்றார்கள். எதிர்க்கடைப் போண்டா அவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை.

படி இறங்கும்போது பிருந்தா கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எந்த ஊருன்னு கேட்டீங்க. சொன்னேன்."

"தெருவைக் கேட்டிருந்தா சொல்லிருப்பியா?"

எழில் யோசித்துப் பார்த்தாள். "தெரியல" என்றாள்.

மறுநாள் ஜெயம் டீத் தட்டோடு மாடிக்கு வந்தாள். தட்டில் நான்கு பேப்பர் கப். "பாத்திரம் தேய்க்கிற ஆளு வர்ல கண்ணு" என்று முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. கீழே ஆயிரம் டம்ளர் அடுக்கி வைத்திருக்கிற கடை, மேலே பேப்பர் கப்! தனக்கு மட்டும் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான்கு பேருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் என்னவென்று கேட்பது? டீயைக் குடித்தாள். சட்டியும் பானையும் சாட்சியாக அன்றைக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாளும் பேப்பர் கப்தான் வந்தது, அதற்கடுத்த நாளும்.

அந்த வாரக் கடைசியில் பிருந்தா சொல்ல வேண்டிய சீட்டு கம்பேனியன்.

"கூட வர்ற ஆளு, சிநேகிதம்" என்று ஆரம்பித்தாள். "பிறந்த ஊர் லத்தீன். ரெண்டு வார்த்தை ஒட்டினது. ஒண்ணு, கூட. இன்னொண்ணு, ரொட்டி. ஒண்ணா உக்காந்து ரொட்டி சாப்டறவங்க." பிறகு எழிலைப் பார்த்து, இங்கிலீஷில், 'எழில் என் கம்பேனியன்' என்றாள்.

எழில் கையைத் தூக்கினாள். "பொய்."

பிருந்தாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னாடி பொய்? எங்க வீட்ல எத்தினி தபா ஒண்ணா உக்காந்து சாப்ட்டிருக்கோம்!"

"உங்க வீட்ல சாப்ட்டோம். எங்க வீட்ல நீ ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல."

"நீ கூப்ட்டதே இல்லியே."

"இல்ல" என்றாள் எழில். "கூப்ட பயம். அதுவும் சேத்துத்தான் பொய்ங்கறேன்."

ஜெகதீஷ் தொண்டையைக் கனைத்து, வார்த்தை பிருந்தா பெயரில் பாக்கி என்று சொல்லி முடித்துவைத்தான். எழில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பேப்பர் கப்போடாவது போயிருக்கும். இப்போது மிச்சமிருந்த ஒன்றையும் தன் கையாலேயே போட்டு உடைத்தாயிற்று என்று நினைத்தாள். சனிக்கிழமை மாடிக்குப் போகவில்லை. பிருந்தாவும் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எழில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். வயர்மேன் பச்சைமுத்து வீடு எது என்று தெருமுனையில் யாரோ கேட்கும் சத்தம். ஸ்கூட்டி வந்து நின்றது. பிருந்தா இறங்கினாள்.

"வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றுதான் எழிலுக்கு முதலில் கேட்கத் தோன்றியது.

"உங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அம்மா ஒண்ணும் பேசல. அப்பா சட்டை மாட்டிக்கினு கடைக்குப் போய்ட்டாரு. ஞாயித்துக்கிழமை கடை லீவு."

காத்தாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வேறு மணந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "இன்னாங்க, சட்டுனு போயி ஒரு கலர் வாங்கியாங்க. மூடி தொறக்காம வாங்கியாங்க" என்று புருஷனை விரட்டினாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். வருகிறவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். மூடி திறக்காத பாட்டில் என்றால் இரண்டு பக்கமும் மானம் தப்பும். பச்சைமுத்து செருப்பை மாட்டிவிட்டார்.

"கலர் வேணாம்மா" என்றாள் பிருந்தா. "தண்ணி குடுங்க."

காத்தாயி மகளைப் பார்த்தாள். காத்தாயி உள்ளே போய்க் குடத்தில் மொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். பிருந்தா வாய்ப்பக்கம் கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள். டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். ப. காத்தாயி என்று வெட்டியிருந்தது. கடைசி எழுத்தின் தலைச்சுழி மேலே போய், இரண்டு சுற்றுச் சுற்றி, ஜிலேபி மாதிரி முடிந்திருந்தது.

"இது எங்கப்பா கை" என்றாள்.

"ஆமாம்மா, அங்க வாங்கினதுதான்" என்றாள் காத்தாயி. "பேரைக் கேட்டு, அவரே பொறுமையா வெட்டிக் குடுத்தாரு."

பிருந்தா அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரை முழுக்கக் குடித்தாள். நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பசிக்குதும்மா. கருவாடு எனக்குப் பழக்கம் இல்ல, வேற எதுனா போடுங்க."

முருங்கைக்கீரை இருந்தது. ரசம் இருந்தது. எழிலும் தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பிருந்தா கீரையைப் பிசைந்து இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவது வாயை மென்றுகொண்டே நிமிர்ந்தாள்.

"ஏய், அந்த வார்த்தை எம்பேர்ல பாக்கி இருக்குதே. இப்ப சொல்லட்டா?"

"முழுங்கிட்டு சொல்லு" என்றாள் எழில்.